இரண்டு நஞ்சுக்கொடி

என் மகன் அனிலுக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள் பிறந்தபோது நஞ்சுக்கொடியைக் கொண்டுவந்து புதைத்தவன் நான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஏதோ வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் அப்படி விட்டுவிட்டு வரும் வழக்கம் இல்லை. பிள்ளையோடு வந்தது பிள்ளை வளரும் மண்ணில்தான் கிடக்க வேண்டும், நாய் தோண்டாத ஆழத்தில். தரை துடைக்கிற பெண்ணிடம் சண்டை போட்டு வாங்கினேன். மூடி உள்ள பெயிண்ட் வாளியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு அமரவிளையில் வந்து இறங்கினேன்.

"வாளியில மீனா, மாமா?" என்று கண்டக்டர் கேட்டான்.

"உனக்க வேலையப் பாருடே" என்றேன்.

வாளியில் இரண்டு இருந்தன. ஒட்டாமல், தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கொடி. தொழுவத்துக்குப் பின்னால் இரண்டு குழி வெட்டிப் புதைத்தேன். என் கையால் எடுத்து வைத்தது அது. அதனால்தான் பதினொரு வருஷம் கழித்து ஒரு டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை.

பிள்ளைகளுக்கு ஆர்யா, தன்யா என்று பெயர் வைத்தார்கள். ஆர்யா நாலு நிமிஷம் மூத்தவள். பார்க்க ஒன்றுபோல இருப்பார்கள், ஊரில் எல்லாருக்கும் குழப்பம்தான். எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. ஆர்யாவுக்கு இடது கை. தன்யாவுக்கு வலது கை. ஆர்யா மெலிந்தவள், பிறந்தபோதே அரைக்கிலோ குறைவு. பின்னால் இருந்து பார்த்தாலே யார் என்று சொல்லிவிடுவேன். ஏத்தன் வாழை வைத்திருக்கும் எனக்கு இரட்டைப்பழம் நிறையக் கிடைக்கும், அதை மருமகளுக்குத் தின்னக் கொடுத்ததால் வந்த பிள்ளைகள் என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

போன நவம்பரில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம். இருநூறு மீட்டர். பாதித் தூரம்வரை ஆர்யாதான் முன்னால். வளைவில் விழுந்தாள். தடுக்கி விழுந்தாள் என்று நினைத்து சில பிள்ளைகள் சிரித்தார்களாம். தன்யா சிரிக்கவில்லை. ஓடிப்போய் அவளைப் புரட்டியவள் தன்யாதான். நான் வாழைத்தோட்டத்தில் நின்றேன். ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

நெஞ்சை அறுத்துப் பார்த்த டாக்டர் அனிலையும் என்னையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இதயத்தின் சுவர் இருக்க வேண்டியதைவிட தடித்திருக்கிறது, பிறப்பிலேயே உள்ள கோளாறு, ஓடும்போது துடிப்பு தாறுமாறாகி நின்றுபோயிருக்கிறது என்றார். "கூடப்பிறந்தவர்கள் என்றாலே பரிசோதிக்க வேண்டும். அதிலும் இரட்டை. ஒரே கருமுட்டையில் இருந்து பிரிந்தவர்கள் என்றால் அந்தப் பிள்ளைக்கும் இது நிச்சயமாக இருக்கும். தாமதிக்காமல் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுங்கள்" என்று ஒரு சீட்டு எழுதித் தந்தார். பிள்ளையை வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்த கையோடு, அடுத்த பிள்ளையைக் கொண்டு வா என்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. இரட்டை, முட்டை என்று சொன்னது காதில் விழுந்தது. கூடப்பிறந்தாலே பார்க்கவேண்டும் என்று சொன்னது ஏறவில்லை.

அனில் பதினாறாம் நாள் கழிந்து வேலை பார்க்கும் ஷார்ஜாவுக்குத் திரும்பினான். "அப்பா, தன்யாவ ஒண்ணு காட்டிரணும்" என்றான். காட்டலாம் என்றேன். மருமகள் ஸ்மிதா படுத்த பாயைவிட்டு எழுந்திருக்கவே ஒரு மாதம் ஆனது. எக்கோ என்ற பேச்சை எடுத்தால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். தெரிந்துகொள்ளவே அவளுக்குப் பயம். நான் இழுத்துக்கொண்டு போயிருந்தால் வந்திருப்பாள். நான் இழுக்கவில்லை.

ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர் வேலை பார்க்கும் ஸ்ரீகுமாரி எங்கள் வார்டில் வீடு வீடாக வருகிறவள். மூன்று தடவை வந்தாள்.

"மாமா, பிள்ளைக்கு எக்கோ எடுத்தாச்சா?"

"எதுக்கு?"

"எதுக்கா? டாக்டர் எழுதித் தந்த சீட்டு எங்க?"

"அது உண்டு."

"எங்க உண்டு?"

"அரிசி போடுற அரிப்பானைக்க மேல."

"அரிப்பானைக்காக்கும் எக்கோ எடுக்கணும்?"

நான் வாளி விஷயத்தைச் சொன்னேன். ஒரே முட்டை என்றால் ஒரு நஞ்சு வரும், இரண்டு நஞ்சு வந்தால் இரண்டு முட்டை. இதில் படிக்க என்ன இருக்கிறது? ஆர்யாவுக்கு இருந்த நோய், அந்தச் சூக்கேடு, தன்யாவுக்கு எப்படி வரும்?

ஸ்ரீகுமாரி திண்ணையில் உட்கார்ந்தாள். "ரெண்டு நஞ்சா? நானும் அப்பிடித்தான் கேட்டிருக்கேன். ஆனாலும் எனக்கு நிச்சயம் இல்ல மாமா. ஒரு நாளத்த வேலைதானே, காட்டிற்று வாங்க."

"உனக்கே நிச்சயம் இல்லியே, பிறகென்ன?" என்றேன். அவளிடம் ஜெயித்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

தன்யா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆர்யாவின் யூனிபாரத்தைத்தான் போடுவாள், இடுப்பு இறுகினாலும். சோறு தின்னும்போது இடப்பக்கம் ஒரு ஆள் உட்கார இடம் விடுவாள். ஒரு நாள் பார்த்தால் இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்தெல்லாம் கோழி கிளறினது போலக் கிடந்தது.

"எலே பிள்ளே, எழுதுற கையாலே எழுது."

"எனக்கு இதும் வரும் அப்பூப்பா."

"எங்க வருது? வரல்லியே."

"வரும்" என்றாள்.

பிப்ரவரியில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்து நின்றாள். சயன்ஸ் எடுக்கும் ஜோஸ்னா டீச்சர் அன்று இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தன்யா இருக்கிற வகுப்பு என்பதால் டீச்சர் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகப் பார்த்தாளாம். இவள் எழுந்து, சொல்லித்தாங்க டீச்சர் என்றாளாம்.

"அப்பூப்பா, நாங்க ஒரு முட்டையா, ரெண்டு முட்டையா?"

"ரெண்டு."

"நிச்சயமா?"

"நஞ்ச குழிச்சிட்டவன் நான். ரெண்டு இருந்து."

அவள் முகம் சுருங்கியது. "ரெண்டு முட்டைன்னா சும்மா அக்கா தங்கச்சி போலத்தானாம். ஒரே நேரத்திலே பிறந்தாங்க, அவ்வளவுதான்னு டீச்சர் சொன்னாங்க. ஒரு முட்டைன்னா, முதல்ல ஒரே ஆளாயிருந்து பிறகு ரெண்டானதாம்."

"அப்பிடியெங்கி நீங்க சும்மா அக்கா தங்கச்சி."

"இல்ல."

"நீ வேற, அவ வேற. அவ போயாச்சு. நீ இருக்கே."

நல்லதற்குத்தான் சொன்னேன். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. இரண்டு முட்டை என்றால் இவள் பிழைத்தாள். ஒரு முட்டை என்றால்... அதற்குமேல் நான் நினைக்கவே இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது வேறே. ஆர்யாவும் தானும் ஒரு காலத்தில் ஒரே ஆள் என்று யாராவது சொல்ல வேண்டும். அப்படி என்றால் ஆர்யாவில் பாதி இங்கே இருக்கிறது என்று கணக்கு. அதை நான் வெட்டிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னிடம், சோறு ஆச்சு, ஆள் வந்திருக்கு, இதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

சித்திரையில் விஷு கழிந்து நான் ஏத்தன் வைக்கக் குழி எடுத்தேன். இந்த வருஷம் கன்று போதவில்லை. நான்கு வாழை மூட்டில் கூம்படைப்பு கண்டு பிடுங்கிப்போட்டிருந்தேன். இலை குறுகிக் கூம்பிலேயே அடைந்து நிற்கும், குலை வராது, அந்த நோய். அதனால் நல்ல மூட்டில் இருந்த பெரிய கிழங்குகளை எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளை இருக்கும்படி பார்த்து இரண்டாக வெட்டி, சாணியும் சாம்பலும் கரைத்துப் பூசிக்கொண்டிருந்தேன்.

தன்யா ஸ்மிதாவின் மொபைலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடி வந்தாள். ஆர்யா போன பிறகு அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். எனக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்பூப்பா, இதக் கேளுங்க. ஜோஸ்னா டீச்சர் வாய்ஸ் அனுப்பியிருக்காங்க."

லீவு நாளில் டீச்சருக்கு இவளே கேள்வி அனுப்பியிருக்கிறாள். மொபைலை என் காதருகே பிடித்தாள். டீச்சர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தன்யா மோளே, நல்லாக் கேளு. அம்மைக்க முட்டை ஒரு புள்ளி அளவுதான் உண்டு. அச்சனுக்க அணு ஒண்ணு அதிலே சேந்ததும் அது ரெண்டாகும், நாலாகும், எட்டாகும், ஒரு குட்டி உருண்டை போல வரும். சில நேரம் அந்த உருண்டை ரெண்டாப் பிரிஞ்சு போவும். ஏன்னு ஆருக்கும் சரியாத் தெரியாது. ரெண்டும் ஒவ்வொரு பிள்ளையா வளரும். இனி உனக்க கேள்வி. நஞ்சுக்கொடி முதல்லயே இருக்காது மோளே. உருண்டை போய் கர்ப்பப்பையிலே ஒட்டின பிறகாக்கும் வேரு விடுறது போல அது வருது. ஒட்டுறதுக்கு முந்தி, மொத ரெண்டு மூணு நாளிலே பிரிஞ்சுதெங்கி, ரெண்டும் ரெண்டு இடத்திலே போய் ஒட்டும். அப்போ ரெண்டு நஞ்சு. பிந்திப் பிரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஒரே நஞ்சு. அதனால நஞ்ச எண்ணிப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. எழுதுற கை மாறும், எடை மாறும், அதும் கணக்கில்ல. ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"கேட்டியளா? கேட்டியளா?" தன்யா குதித்தாள். "ரெண்டு நஞ்சு இருந்தாலும் ஒண்ணா இருக்கலாம்!"

நான் வெட்டுவதற்கு அடுத்த கிழங்கை எடுத்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். என் கையில் இருந்த கிழங்கைத் தொட்டாள்.

"இது ஒரு கிழங்குதானே?"

"ஆமா."

"ரெண்டா வெட்டி அந்தக் குழியிலே ஒண்ணு, இந்தக் குழியிலே ஒண்ணு வைக்கப்போறியளே. வேரு எத்தன வரும்?"

"அதுக்கதுக்கு தனியா வரும்."

"ரெண்டு வேரு இருக்குன்னு ரெண்டும் வேற வேற வாழையா?"

இல்லை. ஒரே வாழை. காயின் வளைவுகூட ஒன்றாக இருக்கும். நாற்பது வருஷமாக நான் செய்யும் வேலை இது. ஒரு மூட்டில் கூம்படைப்பு கண்டால், அதிலிருந்து எடுத்த எந்தக் கன்றையும் நான் வைக்கமாட்டேன், பார்க்க எவ்வளவு செழிப்பாக நின்றாலும். அதை வைக்காதே, உள்ளே இருக்கிறது, பிறகு தெரியும் என்று பக்கத்துத் தோட்டக்காரனோடு மல்லுக்கு நின்றவன். அந்த நான் ஆறு மாதமாக இந்தப் பிள்ளையைப் பார்த்து, இவள் தெளிவாகத்தான் இருக்கிறாள், தெளிவாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடப்போனாள்.

"ஓடாதே!" என்று கத்தினேன்.

திடுக்கிட்டு நின்றாள். "ஏன் அப்பூப்பா?"

"பைய நட. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போணும்."

ஸ்மிதாவிடம் சொன்னபோது அவள் என்னைப் பார்த்தாள். "ஆறு மாசம் ஆச்சு அப்பா" என்றாள். "என்னால அந்தப் படி ஏற முடியாது. நீங்க கொண்டுபோங்க" என்று உள்ளே போனாள்.

திருவனந்தபுரத்தில் இதயத்துக்கென்று உள்ள பெரிய ஆஸ்பத்திரி. தன்யாவைப் படுக்கவைத்து நெஞ்சில் பசை தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டிப் பார்த்தார்கள். டிவியில் அவளுடைய இதயம் தெரிந்தது. எனக்கு அது ஒரு வாய் திறந்து மூடுவதுபோல இருந்தது. பார்த்த டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். அவள் பேசாமல் பார்த்த நேரம் கூடக்கூட எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஆர்யாவின் காகிதத்தையும் இவளுடைய படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

தன்யாதான் கேட்டாள். "டாக்டரே, ஆருவுக்கு இருந்தது போலத்தானா?" ஆர்யாவை அவள் ஆரு என்றுதான் கூப்பிடுவாள்.

"அதே போலத்தான் மோளே. அதே இடத்திலே."

"அப்போ நாங்க ஒரு முட்டையா?"

டாக்டர் என்னைப் பார்த்தாள். பிறகு அவளிடம், "ஆர்யாவுக்கு அப்போ எடுத்து வச்ச சாம்பிளோட ஒப்பிட உன் ரத்தம் அனுப்புறோம். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல" என்றாள்.

பிள்ளை சிரித்தாள். ஆறு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு. தான் கேட்டது கிடைத்துவிட்டது என்ற சிரிப்பு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

குளிகை எழுதித் தந்தாள். தினமும் தவறாமல் தர வேண்டும். ஓடக்கூடாது, நீந்தக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. அடுத்த மாதம் மறுபடி பார்த்துவிட்டு, நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டுமா என்று சொல்வார்கள். எழுதிக்கொண்டே கேட்டாள்: "ஓடும்போ கண்ணு இருட்டுமா? தலை சுத்தி இருக்கா?"

தன்யா என்னைப் பார்த்தாள். "இல்ல."

"ஆர்யாவுக்கு?"

"அவளுக்கும் இல்ல. ஒண்ணும் சொன்னதில்ல."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் நான்காம் வகுப்பில் படிக்கும்போது, வரப்பில் ஓடி வந்த ஆர்யா மூச்சுவாங்கி உட்கார்ந்து, "அப்பூப்பா, கண்ணு இருட்டுது" என்றாள். ஒரு வாரம் கழிந்து தன்யா வந்து அதையே சொன்னாள். அதே வார்த்தை. நான் சிரித்தேன். ஒருத்தி சொன்னதை மற்றவள் படித்து வைத்துக்கொண்டு சொல்கிறாள், இரட்டைப் பிள்ளைகளின் குரங்குச் சேட்டை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"சொன்னினும்" என்றேன் டாக்டரிடம். "ரெண்டு பேரும் எனக்கிட்ட சொன்னினும். ரெண்டு வருஷம் முந்தி. நான் கொண்டுவரல்ல."

டாக்டர் பேனாவை வைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். "இப்போ கொண்டுவந்தீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் தன்யா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். குளிகை அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். பாலராமபுரம் தாண்டியது. பிறகு முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"இந்தக் குளிகை ஆருவுக்குக் குடுத்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆறு மாதமாக நான் உண்மை என்று நினைத்துச் சொன்னதே பொய்யாகத்தான் இருந்தது. இன்னொன்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"டாக்டர் உறுதியாச் சொல்லல்ல மக்கா. அவ உயிரோட இருந்திருப்பான்னுதான் எனக்குத் தோணுது."

அவள் அட்டையை மடியில் வைத்தாள். "நான் உங்களுக்காக அங்க பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல்ல" என்று எழுந்து, என் முழங்காலைத் தாண்டி, முன்னால் காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள். அமரவிளை வரும்வரை அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னால் இருந்து பார்த்தாலே யார் என்று சொல்வேன் என்று எழுதினேன் அல்லவா, அன்று என்னால் சொல்ல முடியவில்லை.

பஸ் நின்றதும் எனக்கு முந்தி இறங்கினாள். நான் படியில் கால் வைக்கும்போது வீட்டுக்குப் போகும் ரோட்டில் திரும்பிவிட்டாள். வேகமாக நடந்தாள். பிறகு ஓடினாள்.

"மக்கா, ஓடாதே! எலே, நில்லு!"

கூப்பிடக் கூப்பிட அவள் வேகம் கூடியது. நானும் நாலு எட்டு ஓடினேன். செருப்பு கழன்றது. திரும்பிப் பார்த்து, நான் வருவதைக் கண்டு இன்னும் வேகமாக ஓடினாள். துரத்துகிறவன் நானாக இருந்தால் அவள் நிற்கமாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு வழி தெரியாமல் தார் ரோட்டின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்தினான். "என்ன மாமா, வீழ்ந்தியளா? பிடிக்கட்டா?"

"நீ போடே. வண்டிய எடு" என்றேன்.

ஆட்டோ நின்ற சத்தத்தில் அவள் மறுபடி திரும்பிப் பார்த்தாள். நான் தரையில் இருப்பதைக் கண்டதும் நின்றாள். தூரத்தில், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். என் பக்கத்தில் வரவில்லை. வீட்டுக்கும் போகவில்லை.

மத்தியான வெயிலில் தார் சுட்டது. நான் எழுந்தால் அவள் மறுபடி ஓடுவாள் என்று தோன்றியது. அதனால் எழவில்லை.